முதல் மரப் பூச்சாடி: துளையிடுவதா, குடைவதா?

சுழலும் மரத்தை உளியால் செதுக்கி உருவம் கொடுக்கும் கடைசல் வேலையைப் பழகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பம்பரத்திலோ பூரிக்கட்டையிலோ கைவைத்து, இரண்டு மூன்று வாரங்களுக்குள் ஒரு பூச்சாடி செய்து பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைக்கு வந்து சேர்கிறார்கள். அந்த ஆசையோடு கேள்விகளும் வரிசைகட்டி வருகின்றன: எந்த மரம் வாங்குவது, காய்ந்த மரமா பச்சை மரமா, கட்டையைக் கவ்விப் பிடிக்கும் நான்கு தாடை சக் இல்லாமல் முடியுமா, கார்பைடு முனை வைத்த உளி போதுமா, மேலே அரக்குப் பூசுவதா எண்ணெய் தேய்ப்பதா. இவற்றுக்குத் தனித்தனியாக விடை தேடினால் ஒன்றோடொன்று பொருந்தாத சாமான்களை வாங்கிக் குவித்துவிடுவோம். நான் அப்படித்தான் குவித்தேன். முதலில் முடிவு செய்ய வேண்டியது சாடியின் உட்புறத்தை. உலர்ந்த பூக்களை நிறுத்த ஒரு துளை மட்டும் போதுமா, நீர் ஊற்றிப் புதுப் பூ வைக்கக் கண்ணாடிக் குழாய் இறங்க வேண்டுமா, அல்லது பானையைப் போல உள்ளே முழுவதும் குடைந்தெடுக்க வேண்டுமா என்பது தெரிந்துவிட்டால், மரமும் பிடிப்பும் உளியும் பூச்சும் அதிலிருந்தே கிளைத்து வரும்.

ஒப்பிடுவதற்கு வசதியாக ஓர் அளவை வைத்துக்கொள்வோம். 10 செ.மீ. சதுரமும் 25 செ.மீ. நீளமும் கொண்ட கட்டை. முடிந்த சாடி ஏறத்தாழ 22 செ.மீ. உயரம், அகன்ற இடத்தில் 9 செ.மீ. விட்டம். மேசைமேல் வைக்கும் சிறிய லேத்துகள், அதாவது கடைசல் இயந்திரங்கள், பலவற்றில் 10 அல்லது 12 அங்குல விட்டம் வரை சுழற்றலாம். இந்தக் கட்டையின் மூலைவிட்டம் 14 செ.மீ.க்குச் சற்று மேல்தான் என்பதால் தாராளமாக அடங்கும். மரத்தின் இழை அடியிலிருந்து வாய் நோக்கி நெடுக ஓட வேண்டும். கிண்ணம் கடைவதைப் போல இழை குறுக்கே கிடக்கும்படி பூட்டும் முறையும் உண்டு. ஆனால் ஒடுங்கிய கழுத்து உடைய சாடியில் குறுக்கிழை கழுத்தோடு ஒடிந்துபோகும் என்பதால் அதை இங்கே கணக்கில் எடுக்கவில்லை.

முதல் வழி, துளை மட்டும் இட்ட சாடி. உள்ளே 10 அல்லது 12 மி.மீ. அகலத்தில் ஒரு துளை இருக்கும்; மற்றது முழுவதும் மரம். நாணல் பூ, உலர்ந்த கதிர், மயிலிறகு போன்றவற்றுக்கு இது போதும். தூத்துக்குடியிலிருந்து உலர்மலர்கள் பல நாடுகளுக்குக் கப்பலேறுகின்றன என்பதால், தமிழ்நாட்டில் இருப்பவருக்கு வைக்கப் பொருளில்லை என்ற கவலை வேண்டியதில்லை. இந்த வழியின் பெரிய வசதியைப் புதிதாகத் தொடங்குபவர்கள் உடனே உணர்வதில்லை: துளையை முதலிலேயே இட்டுவிடலாம், உருவத்தைப் பிறகு கடையலாம். கட்டை இன்னும் தடித்த உருளையாக இருக்கும்போதே லேத்தின் மறுகோடியில் முன்னும் பின்னும் நகரும் தாங்கியான டெயில் ஸ்டாக்கில், துளையிடும் பிட்டைப் பிடிக்கும் டிரில் சக்கைப் பூட்டித் துளையிட்டு, அந்தத் துளையின் வாயிலேயே கட்டையோடு சேர்ந்து சுழலும் கூம்பு வடிவ முனையை, அதாவது சுழல்முனையை, நிறுத்தினால், இனிமேல் கடையும் வெளிவடிவம் தானாகவே துளைக்கு மையமாக அமையும். கட்டை இரு முனைகளிலும் தாங்கப்பட்டிருப்பதால் உளி சற்று மாட்டிக்கொண்டாலும் பிடுங்கிக்கொண்டு பறக்காது. வெளிவடிவத்தை முடித்தபின் துளையிட முயன்றால் பிட் ஒரு நூல் விலகினாலும் ஒரு பக்கக் கழுத்து தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போய், வாயைப் பார்க்கும் எவர் கண்ணிலும் அது உறுத்தும்.

எடையும் இந்த வழிக்குச் சாதகம். மேற்சொன்ன அளவில், நடுத்தர அடர்த்தி கொண்ட மரத்தில் செய்த துளைச்சாடி ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும். மின்விசிறிக் காற்றில் அது அசையாது. அதே சாடியை 8 மி.மீ. சுவர் விட்டுக் குடைந்தால் எடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நீண்ட தண்டு ஒன்றை வைத்ததும் சாய்ந்து விழும்.

இரண்டாவது வழி, கண்ணாடிக் குழாய் இறங்கும் சாடி. ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் 25 மி.மீ. விட்டமும் 150 மி.மீ. நீளமும் கொண்ட சோதனைக் குழாய் கிடைக்கும். மரத்தில் நேரடியாக நீர் ஊற்றினால் இழைகளின் வழியே கசிந்து அடியில் கறைபிடித்து, சில மாதங்களில் வெடிக்கவும் செய்யும்; உள்ளே பூச்சு அடித்துத் தடுத்துவிடலாம் என்பதை நான் நம்புவதில்லை, ஏனெனில் கைக்கு எட்டாத ஒரு துளையின் அடியில் பூச்சு விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிக்க நீர்தான் வல்லது. குழாய் இந்தச் சிக்கலை ஒரே அடியில் தீர்க்கிறது. ஆனால் வேலை இரண்டு மடங்காகிறது. 25 மி.மீ. குழாய்க்கு 27 மி.மீ. துளை வேண்டும், ஏனெனில் மரம் பருவத்துக்கேற்பச் சுருங்கி விரியும்போது துளை சிறிது முட்டை வடிவமாகும். இறுக்கமாகச் செருகிய குழாய் கோடையில் கீறல் விட்டுவிடும். குழாயை ஒட்டவும் கூடாது, கழுவுவதற்கு வெளியே வர வேண்டும். அடுத்து ஆழம்: அகன்ற துளையிட உதவும் போர்ஸ்ட்னர் பிட்டின் தண்டு சாதாரணமாக 150 மி.மீ. ஆழம் எட்டாது, நீட்டிப்புத் தண்டு தனியாக வாங்க வேண்டும். சிறிய லேத்தின் டெயில் ஸ்டாக் ஒரு முறைக்கு 5 அல்லது 6 செ.மீ. மட்டுமே முன்னேறும் என்பதால் துளையிடும்போது மூன்று முறை பின்வாங்கி, பூட்டை அவிழ்த்து, நகர்த்தி, மறுபடியும் பூட்ட வேண்டும். நிமிடத்துக்கு 300 முதல் 500 சுற்றுக்குள் வேகத்தை வைத்து, ஒவ்வொரு 10 மி.மீ.க்கும் பிட்டை வெளியே இழுத்துத் தூளைக் கொட்டாவிட்டால் மரம் உள்ளேயே கருகிப் புகையும். பொறுமை இருப்பவருக்கு இதில் கடினம் எதுவும் இல்லை, நேரம்தான் செலவு.

குழாயில் ஏறத்தாழ 60 மி.லி. நீர்தான் பிடிக்கும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு ரோஜா அல்லது ஒரு ஜெர்பெராவுக்கு அது சரி. நிலச்சம்பங்கித் தண்டு ஒன்றை வைத்தால் நாள்தோறும் நீர் நிரப்ப வேண்டும், தண்டின் தலைக்கனமும் அதிகம்; அதற்காகச் சாடியின் அடியை அகன்ற இடத்தின் முக்கால் பங்குக்குக் குறையாமல் விட வேண்டியிருக்கும், வடிவம் சற்றுக் கட்டையாகத் தோன்றும்.

மூன்றாவது வழி குடைந்த சாடி. பார்ப்பவர்கள் கையில் எடுத்ததும் இவ்வளவு இலேசாக இருக்கிறதே என்று வியப்பதற்காகவே பலர் இதில் இறங்குகிறார்கள். 35 மி.மீ. வாய் வழியாக உளியை விட்டு உள்ளே 9 செ.மீ. வயிற்றைக் குடைவது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்யும் வேலை. உளி தங்கும் டூல் ரெஸ்ட் வாய்க்கு வெளியேதான் நிற்கும். உளியின் முனையோ 15 செ.மீ. உள்ளே இருக்கும். அவ்வளவு தூரம் தாங்கலின்றி நீண்ட 12 மி.மீ. தண்டு அதிரத் தொடங்கும், முனை ஓர் இழையில் மாட்டினால் நெம்புகோலின் வலிமை முழுவதும் கைப்பிடியில் வந்து அடிக்கும். தூளும் சீவலும் குறுகிய வாய் வழியே வெளியேறாமல் உள்ளே அடைத்துக்கொள்வதால் ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை இயந்திரத்தை நிறுத்திக் கொட்ட வேண்டும். ஓடும்போது விரலை உள்ளே விடுவதை எக்காலத்திலும் நினைத்துப் பார்க்கக் கூடாது. நெடுக ஓடும் இழையில் குடைவதால் வெட்டை மையத்திலிருந்து வெளிப்பக்கமாக நகர்த்த வேண்டும். வெளியே கடையும்போது அகன்ற இடத்திலிருந்து ஒடுங்கிய இடத்துக்கு இறங்கிப் பழகிய கைக்கு இது தலைகீழாக இருக்கும்.

நான் என் மூன்றாவது சாடியையே குடைய முயன்றேன், மாமரத்தில். சுவர் மெலிய மெலிய உளியின் ஓசை மாறும்: தடித்த மரத்தில் மந்தமாக ஒலிப்பது, மெலிந்த சுவரில் பறையின் தோலை நகத்தால் சுண்டுவதுபோல் மேலேறும். அந்த ஓசை மேலேறியதை நான் கேட்டேன். இன்னும் இரண்டு மில்லிமீட்டர் எடுக்கலாம் என்று கணக்கும் போட்டேன். தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே உளி வெளியே எட்டிப் பார்த்த மறுகணம், கழுத்தும் வாயும் சேர்ந்த வளையம் தனியாகக் கழன்று முகக் கவசத்தில் மோதி விழுந்தது. கவசத்தில் விழுந்த கீறல் இன்றும் இருக்கிறது. அன்று இழந்தது ஒரு மாங்கட்டை மட்டும் என்பதற்கு அந்தக் கவசமே காரணம்.

ஆகவே முதல் சாடிக்கு என் தேர்வு ஐயமின்றித் துளைச்சாடி; இரண்டாவதோ மூன்றாவதோ குழாய்ச்சாடி; குடைவதைப் பத்துச் சாடிகளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அச்சத்தினால் மட்டும் இதைச் சொல்லவில்லை. பூச்சாடியின் அழகு அதன் வெளிக்கோட்டில் இருக்கிறது: அடியிலிருந்து வயிற்றுக்கு ஏறி, தோளில் திரும்பி, கழுத்தில் ஒடுங்கி, வாயில் மெல்ல விரியும் ஒரே கோடு. அந்தக் கோட்டில் எங்கேனும் தட்டையான ஓர் இடம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் தெரிந்துவிடும். குடையப் போகிறோம் என்ற எண்ணம் இருந்தால் சுவர்க் கனத்துக்காக வெளிக்கோட்டை விட்டுக்கொடுக்கத் தொடங்குவோம், உள்ளேயும் சரியாக அமையாமல் வெளியேயும் சரியாக அமையாமல் போகும்.

இந்தத் தேர்வு முடிந்ததும் பச்சை மரமா காய்ந்த மரமா என்ற கேள்விக்கு விடை வந்துவிடுகிறது. வெட்டி சில நாளே ஆன பச்சை மரம் கடைவதற்கு இனிமையானது. சீவல் நாடா போல நீண்டு வந்து விழும், தூள் பறக்காது, பெரும்பாலும் விலையும் இல்லை. ஆனால் அது காயும்போது சுருங்கும், அதுவும் எல்லாத் திசையிலும் சமமாகச் சுருங்காது: வளையங்களை ஒட்டிய திசையில் உண்டாகும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் உண்டாவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. சுருக்கம் குறைவு என்று பெயர்பெற்ற தேக்கிலேயே முன்னது ஏறத்தாழ 5.8 விழுக்காடு, பின்னது 2.5 விழுக்காடு. சுவர் ஒரே சீராக மெலிந்த குடைந்த சாடி இந்த வேறுபாட்டைத் தாங்கி, சற்று முட்டை வடிவமாக நெளிந்து தப்பித்துக்கொள்ளும். உள்ளே முழு மரமாக நிற்கும் துளைச்சாடிக்கு நெளிய இடமில்லை, அது வெடிக்கும். அதனால் பச்சை மரம் குடைபவருக்கு உரியது, துளையிடுபவர் காய்ந்த மரத்தைத்தான் நாட வேண்டும். கிளையை வட்டமாக அப்படியே எடுத்து, அதன் நடுவே ஓடும் மென்மையான நடுச்சோறு சாடியின் மையத்தில் வரும்படி கடைவது இதைவிடவும் மோசம், அதில் வெடிப்பு ஏறத்தாழ உறுதி. கட்டையைப் பிளந்து, நடுச்சோற்றை ஒதுக்கிய பாதியிலிருந்து எடுக்க வேண்டும்.

காய்ந்ததா என்பதை அறியக் கருவி வாங்க வேண்டியதில்லை. சமையலறைத் தராசில் கட்டையை வாரம் ஒரு முறை எடைபோட்டுக் கட்டையின் மேலேயே பென்சிலால் எழுதி வந்தால் போதும். நான்கைந்து வாரம் எடை குறையாமல் நின்றால் அது தன் ஊர்க் காற்றுக்குப் பழகிவிட்டது என்று பொருள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்று தச்சர்கள் சொல்லும் கணக்குப்படி பார்த்தால் 10 செ.மீ. கட்டைக்கு நான்கு ஆண்டுகள் ஆகும். அத்தனை பொறுமை யாருக்கும் இராது என்பதால், பழைய கதவு நிலையோ உத்தரமோ உடைக்கும் இடத்தில் கிடைக்கும் துண்டு முதல் சாடிக்கு மிகப் பொருத்தம். ஆணி ஒளிந்திருக்கிறதா என்று காந்தத்தால் தடவிப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

எந்த மரம் என்பதில் எனக்குத் தயக்கமில்லாத முதல் விருப்பம் பூவரசு. வைரம் பாய்ந்த பூவரசு பழுப்பும் சிவப்பும் கலந்த நிறத்தில், நெருக்கமான இழையோடு, உளிக்கு இணங்கிக் கொடுக்கும். இழைக்குக் குறுக்கே வெட்டிய வெட்டுமுகத்தில்கூடப் பிய்ந்து வராமல் வழுவழுப்பாக நிற்கும். ஹவாய்த் தீவுகளில் இதே மரத்தை மிலோ என்று அழைத்து, நெடுங்காலமாகக் கலங்கள் செய்துவந்திருக்கிறார்கள் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பு எழவில்லை. பூவரசு கிடைக்காதவர்கள் பலாவை எடுக்கலாம். வீணைக்குடம் செய்யும் அதே மரம், வெட்டும்போது மஞ்சளாக இருந்து வெளிச்சத்தில் பழுப்பாக மாறும். தேக்கு நேரான இழை கொண்டது, சொன்னபடி கேட்கும், ஆனால் அதில் கலந்துள்ள மணற்சத்து உளியின் கூரை விரைவில் மழுக்கும். தீட்டக் கற்றுக்கொள்ளாதவர் தேக்கில் தொடங்கினால் மரத்தின் மேல் பழி போடுவார். வேம்பின் இழை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பின்னிக் கிடப்பதால் ஒரு பட்டையில் வழுவழுப்பும் அடுத்த பட்டையில் பிசிரும் வரும். மா எளிதில் கிடைக்கும், மென்மையானது, ஆனால் வண்டு துளைத்து மாவு கொட்டும் மரம். முதல் வெட்டுகளைப் பழகிப் பார்க்க அது போதும், பாதுகாத்து வைக்கப்போகும் சாடிக்கு வேண்டாம். வாகையின் தூள் தும்மலை வரவழைக்கும். யூகலிப்டஸ் காயும்போது தாறுமாறாக வெடிக்கும். பின்னாளில் குடையப் போகிறவர்கள் தூங்குமூஞ்சி மரத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அது மிகக் குறைவாகவே சுருங்கும் என்பதால் பச்சையாகக் கடைந்தாலும் அவ்வளவாக வெடிப்பதில்லை.

பிடிப்பு முறையில் மூன்று வாய்ப்புகள் உண்டு, இங்கும் துளைச்சாடியே செலவைக் குறைக்கிறது. இரு முனைகளுக்கு இடையில், அதாவது ஒரு பக்கம் பற்கள் உள்ள முனையும் மறுபக்கம் சுழல்முனையும் கொண்டு பிடிப்பது லேத்தோடு வரும் சாமான்களிலேயே முடியும். துளையை முன்கூட்டியே நிற்கும் டிரில் இயந்திரத்தில் இட்டுக்கொண்டால் சக்கே வேண்டாம். முகத்தட்டு என்னும் இரும்பு வட்டில் திருகாணி முடுக்கிப் பிடிப்பது இரண்டாவது. ஆனால் நெடுக ஓடும் இழையின் வெட்டுமுகத்தில் திருகாணியின் பிடி வலுக்குறைவு, திருகாணி ஏறிய அடிப்பகுதி முழுவதும் வெட்டி எறியப்படும். மூன்றாவது நான்கு தாடை சக். சிறிய லேத்தின் விலையில் கணிசமான பங்கு சக்குக்கே போய்விடும் என்றாலும், குழாய்ச்சாடிக்கும் குடைந்த சாடிக்கும் அதைத் தவிர்க்க முடியாது. வாங்குவதற்கு முன் லேத்தின் சுழல்தண்டில் உள்ள மரையின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓர் அங்குல மரை, 33 மி.மீ. மரை என்று இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும், பொருந்தாத சக் அலமாரியில்தான் சுழலும்.

சக்கைப் பயன்படுத்துபவர், தாடைகள் கவ்வுவதற்காகக் கட்டையின் அடியில் விடும் குட்டை உருளையான கழுந்தை வெட்டும்போது ஒரு நிமிடம் கூடுதலாகச் செலவிட வேண்டும். 50 மி.மீ. தாடைக்கு 50 முதல் 55 மி.மீ. விட்டமும் 8 முதல் 10 மி.மீ. நீளமும் கொண்ட கழுந்து போதும்; அதன் நுனி சக்கின் அடியைத் தொடக் கூடாது, அதன் தோள் தாடைகளின் முகத்தில் சுற்றிலும் படிந்து உட்கார வேண்டும். நுனி முட்டி நின்றால் கட்டை ஆடும். தோள் படிந்தால் ஆடாது. கழுந்துக்கும் தோளுக்கும் இடையிலான மூலையில் ஒரு தாளின் கனத்துக்குத் தூள் தங்கியிருந்தாலும், 25 செ.மீ. தள்ளி வாயருகே அது கண்ணுக்குத் தெரியும் ஆட்டமாகப் பெருகிவிடும். பழைய பல்துலக்கியால் அந்த மூலையைத் தட்டிவிட்டுப் பூட்டுவது என் வழக்கம்.

உளிகளைப் பொறுத்தவரை போட்டி கார்பைடு முனைக்கும் குழிவான உளிக்கும் இடையில். கார்பைடு முனை கொண்ட கருவியைத் தட்டையாக, தரைக்கு இணையாகப் பிடித்து நேராக முன்தள்ளினால் வெட்டும். மழுங்கினால் திருகைத் தளர்த்தி முனையைச் சற்றுத் திருப்பினால் புதிய கூர் வந்துவிடும். தீட்டும் வேலையே இல்லை. குழிவான உளியைச் சாணையில் தீட்டத் தெரிய வேண்டும், கூருக்குப் பின்னால் சாய்வாகத் தீட்டிய சாய்முகம் மரத்தில் உரசியபடி நகரப் பழக வேண்டும், அந்தப் பழக்கத்துக்கு முன் பலமுறை மாட்டிக்கொள்ளும். எளிமை முன்னதன் பக்கம் என்பதில் மறுப்பில்லை. ஆயினும் நான் குழிவான உளியையே பரிந்துரைப்பேன், ஏனெனில் கார்பைடு முனை மரத்தைச் சுரண்டுகிறது, உளி வெட்டுகிறது. சுரண்டிய வளைவை உப்புத்தாளால் 80 எண்ணில் தொடங்கித் தேய்க்க வேண்டியிருக்கும், வெட்டிய வளைவுக்கு 150 போதும். அதற்கு மேலாக, சாய்முகத்தின் உரசல் கைக்கு வளைவைச் சொல்லிக்கொடுக்கிறது. கார்பைடு கருவி அப்படி எதையும் சொல்வதில்லை. சதுரத்தை உருளையாக்கும் அகன்ற உளி, 10 மி.மீ. குழிவுளி, பிரித்தெடுக்கும் ஒல்லியான வெட்டுளி ஆகிய மூன்றும் முதல் சாடிக்குப் போதுமானவை. சாய்வுளியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கொல்லரிடம் அடித்து வாங்கும் கார்பன் எஃகு உளி விலை குறைவு, கூரும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சாணையில் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடம் பதம் இழந்துவிடும். அதிவேக எஃகு அந்தத் தவற்றை மன்னிக்கும், ஆகவே தீட்டப் பழகும் காலத்துக்கு அதுவே மேல்.

சொந்தமாக லேத் வாங்குவதா என்ற கேள்வியை நான் இவ்வளவு தள்ளி வைப்பதற்குக் காரணம், முதல் சாடிக்கு அது தேவைப்படாமலே போகலாம். கட்டில் காலும் மாடிப்படித் தூணும் கடையும் கடைசல் பட்டறை பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. அங்குள்ளவர்கள் நாள்தோறும் செய்வதே இரு முனைகளுக்கு இடையிலான வேலை. துளையிட்ட கட்டையை எடுத்துச் சென்று, வேலை ஓய்ந்த மாலையில் ஓர் அரைமணி நேரம் தங்கள் முன்னிலையில் கடைய அனுமதிப்பவர்கள் கிடைத்தால், அவர்கள் ஒரு முறை கையைப் பிடித்துத் திருத்துவதற்கு எந்தக் காணொளியும் ஈடாகாது. கைத்துளைப்பான் இயந்திரத்தையே லேத்தாக மாற்றும் இணைப்புகளை மட்டும் இந்த அளவுச் சாடிக்கு வாங்க வேண்டாம். அந்த இயந்திரத்தின் பேரிங்குகள் பக்கவாட்டு அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

வேகத்துக்கு நினைவில் நிற்கும் கணக்கு ஒன்று உண்டு: விட்டத்தின் அங்குலத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6000 முதல் 9000க்குள் வர வேண்டும். 4 அங்குல உருளைக்கு 1500 முதல் 2250 வரை. கட்டை சதுரமாக இருக்கும்வரை 500 அல்லது 600ஐத் தாண்டக் கூடாது. முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் கட்டாயம். வேட்டி, துப்பட்டா, தொங்கும் சங்கிலி, கையுறை எதுவும் லேத்தின் அருகே வரக் கூடாது. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்திருக்கிறது என்பதால், உப்புத்தாள் தேய்க்கும்போது நல்ல முகமூடி அணிவதில் சோம்பல் கூடாது.

பூச்சில் நெஞ்சை இழுப்பது அரக்குதான். அம்பாசமுத்திரத்துச் சொப்பும் சன்னபட்டணத்துப் பொம்மையும் அப்படிப் பளபளப்பது அதனால்தான்: நிறம் சேர்த்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தினால் உரசல் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும், பிறகு தாழை ஓலையை மடித்து அழுத்த, அது கண்ணாடிபோல் பரவும். ஆனால் சன்னபட்டணத்தில் அதற்கு எடுப்பது வெட்பாலை. வெளிர் நிறமும் மூடிய இழையும் கொண்ட மரம் அது. தேக்கின் திறந்த துளைகளில் அரக்கு சீராக அமராது, சாடியின் கழுத்துப் பள்ளத்தில் கட்டிகட்டியாகத் தேங்கும். சாராவியில் கரைத்த அரக்கு, அதாவது ஸ்பிரிட் பாலிஷ், துளைச்சாடிக்கு எளிய தேர்வு, துணியால் தடவினால் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். நீர் சொட்டினால் வெள்ளை வளையம் விழும் என்பதால் குழாய்ச்சாடிக்கு உதவாது. அதற்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயின் மேல் பாலியூரித்தேன் பூச்சு சரி. எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாமல் கொடியில் விரித்துக் காயவிட வேண்டும், சுருட்டினால் தானே சூடேறித் தீப்பற்றும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைத் தேய்ப்பவர்கள் உண்டு. அது ஒருபோதும் காயாத எண்ணெய், தூசியைத்தான் சேர்த்துவைக்கும்.

கடைசியாகச் சாடியை லேத்திலிருந்து பிரிக்கும்போதும் இரண்டு வழிகள் உண்டு. வெட்டுளியால் ஓடும்போதே முழுவதும் அறுத்து, விழும் சாடியைக் கையில் ஏந்துவது பழகியவர்கள் செய்வது. முதல் சாடிக்கு 10 மி.மீ. தண்டு எஞ்சும்வரை வெட்டுளியால் ஒடுக்கிவிட்டு, இயந்திரத்தை நிறுத்திச் சிறிய ரம்பத்தால் அறுப்பதே நல்லது. ஒடுக்கும்போது உளியை மையம் நோக்கிச் சற்று உட்சாய்வாகச் செலுத்தினால் அடிப்பகுதி ஒரு நூல் குழிந்து நிற்கும். அறுத்த தண்டின் எச்சத்தை அந்தக் குழிவுக்குள் உளியால் சீவிவிட்டால், சாடி தன் விளிம்பில் மட்டும் உட்கார்ந்து, சமமில்லாத மேசையிலும் ஆடாமல் நிற்கும்.